11:42-க்கு முன்னால் போக முடியுமா? லாக் பேக்கப் கொண்டு தரவுத்தளத்தை மீட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு புதன்கிழமை, காலை 11:42. ஒரு மொத்த ஜவுளி வியாபார நிறுவனத்தின் விற்பனைத் தரவுத்தளம். கணக்கை முடித்துக்கொண்ட ஒரே ஒரு வாடிக்கையாளரின் நிலுவையைப் பூஜ்யமாக்க மூன்று வரியில் ஓர் அப்டேட் கட்டளை. எந்த வாடிக்கையாளர் என்று சொல்லும் ‘வேர்’ பகுதி மூன்றாவது வரியில் இருந்தது. மவுஸால் தேர்ந்தெடுத்தது முதல் இரண்டு வரிகளை மட்டும். கட்டளையை ஓட்டும் எஃப்5. எல்லா வாடிக்கையாளர்களின் நிலுவையும் பூஜ்யம். அழுத்திய விரல் என்னுடையது.

இதைக் கவனித்தது 12:20-க்கு. அதற்குள் 38 நிமிட விற்பனை நடந்து முடிந்திருந்தது. கீழே உள்ள பதில்களில் பல அந்த நாளில் கற்றவை. நான் பேசுவது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரைப் பற்றி. கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன். திரையில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

கட்டளை ஓடி முடிந்துவிட்டது. ரோல்பேக் கொடுத்தால் திரும்பாதா?

திரும்பாது. ‘பிகின் டிரான்சாக்‌ஷன்’ என்று நீங்களாகத் தொடங்காவிட்டால், எஸ்க்யூஎல் சர்வர் ஒவ்வொரு கட்டளையையும் முடிந்த கையோடு கமிட் செய்துவிடும், அதாவது நிலையாக்கிவிடும். மாற்றத்தைத் திரும்ப எடுக்கும் ரோல்பேக், கமிட் ஆனதைத் தொடாது.

முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

கையைக் கட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் பார்த்த மோசமான சேதங்கள் முதல் தவறால் வந்தவை அல்ல, அதைச் சரிசெய்யப் பதற்றத்தில் செய்த இரண்டாவது தவறால் வந்தவை. இருக்கிற தரவுத்தளத்தின் மேலேயே நேற்றைய பேக்கப்பை ஏற்றுவது, லாக் கோப்பை (மாற்றங்களை நடக்க நடக்கப் பதியும் கோப்பு) அழிப்பது, ரெக்கவரி மாடலை (லாக்கை எப்படி வைத்திருப்பது என்ற அமைப்பு) ‘சிம்பிள்’ என்று மாற்றுவது இந்த வகை. மூன்றாவதைச் செய்த நொடியில் லாக் சங்கிலி, அதாவது லாக் பேக்கப்புகளின் இடைவிடாத தொடர், அறுந்துவிடும்.

கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். ஓட்டிய கட்டளை திரையில் இருந்தால் மூடாமல் சேமியுங்கள். அட்டவணைப்படி ஓடும் லாக் பேக்கப் ஓடட்டும். அடுத்தது வரும்வரை பொறுக்க முடியாவிட்டால், அதே கோப்புறைக்கு நீங்களே ஒன்று எடுங்கள். பழைய பேக்கப் கோப்புகளைத் தானாக அழிக்கும் வேலை ஏதாவது இருந்தால் அதை நிறுத்துங்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு அன்று பிற்பகல்தான் நினைவுக்கு வந்தது, தப்பியது அதிர்ஷ்டம்.

லாக் என்பது உண்மையில் என்ன? அதை வைத்து எப்படிக் காலத்தில் பின்னால் போக முடிகிறது?

பழைய கடைகளில் சிட்டை என்றும் பேரேடு என்றும் இரண்டு வைத்திருப்பார்கள். நடக்க நடக்க எழுதுவது சிட்டை. பிறகு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிப் பதிவது பேரேடு. பேரேடு எரிந்து போனாலும், பழைய பேரேட்டின் நகல் ஒன்றும் அதற்குப் பிந்தைய சிட்டைகளும் இருந்தால், கணக்குப்பிள்ளை உட்கார்ந்து பதிந்து எந்த நாளின் நிலவரத்துக்கும் கொண்டுவந்துவிடுவார். புதன் மதியம் வரை வேண்டுமென்றால் புதன் மதியத்தோடு பேனாவை வைத்துவிடுவார்.

தரவுக் கோப்பு பேரேடு. லாக் சிட்டை. மாற்றம் எதுவும் முதலில் லாக்கில் வட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தரவுக் கோப்பில் எழுதப்படும். ஒவ்வொரு வரிக்கும் எல்எஸ்என் என்ற ஏறுவரிசை எண் உண்டு. மீட்கும்போது சர்வர் அந்த வரிகளை வரிசையாக மறுபடி நிகழ்த்திப் பார்க்கிறது. நீங்கள் சொன்ன நேரத்தில் நிற்கிறது. அந்த நேரத்தில் கமிட் ஆகாமல் பாதியில் இருந்தவற்றைத் திரும்ப எடுத்துவிடுகிறது. ஆகவே நாம் பின்னால் போவதே இல்லை. இன்னும் பின்னால் இருக்கும் ஒரு நகலிலிருந்து முன்னால் நடந்து வந்து, சரியான இடத்தில் நிற்கிறோம்.

முதலில் எல்லாவற்றையும் மறுபடி நிகழ்த்து, பிறகு முடியாததைத் திரும்ப எடு என்ற இந்த முறைக்கு ஏரீஸ் என்று பெயர். 1992-இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இன்றைய தரவுத்தள மென்பொருள்கள் பல அந்த வழியில் நடப்பவை. எஸ்க்யூஎல் சர்வரும் அதில் சேர்த்தி.

என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

தவறுக்கு முன்பு எடுத்து முடித்த ஒரு முழு பேக்கப். அதன்மேல் எடுத்த டிஃபரென்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியவை மட்டும்) இருந்தால், தவறுக்கு முந்தையவற்றில் கடைசியானது ஒன்று. பிறகு, தவறு நடந்த நேரத்தைத் தன்னுள் வைத்திருக்கும் லாக் பேக்கப் வரை, ஒன்றுகூட விடாமல் எல்லா லாக் பேக்கப்புகளும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். முழு பேக்கப் ஞாயிறு இரவு 11:00. டிஃபரென்ஷியல் மற்ற நாள்களில் இரவு 11:00. லாக் 15 நிமிடத்துக்கு ஒன்று. ஆகவே தேவைப்பட்டவை ஞாயிறு முழு பேக்கப், செவ்வாய் இரவு டிஃபரென்ஷியல், செவ்வாய் இரவு 11:15 தொடங்கி புதன் காலை 11:45 வரை 51 லாக் கோப்புகள். திங்கள் இரவு டிஃபரென்ஷியல் தேவையில்லை. ஒவ்வொரு டிஃபரென்ஷியலும் முழு பேக்கப்பிலிருந்து அதுவரை மாறிய எல்லாவற்றையும் சுமக்கிறது. டிஃபரென்ஷியல் இல்லாவிட்டாலும் மீட்கலாம். ஞாயிறு இரவிலிருந்து எல்லா லாக் கோப்புகளையும் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

என் தரவுத்தளம் ‘சிம்பிள்’ மாடலில் இருக்கிறது.

அப்படியானால் லாக் பேக்கப்பே எடுக்க முடியாது. முழு பேக்கப் அல்லது டிஃபரென்ஷியல் எடுத்த நேரத்துக்கு மட்டும் திரும்பலாம். இடையில் நிற்க வழியில்லை.

‘ஃபுல்’ மாடலில்தான் இருக்கிறது. கவலை இல்லைதானே?

இருக்கிறது. ‘ஃபுல்’ என்று மாற்றிய பிறகு ஒரு முழு பேக்கப்போ டிஃபரென்ஷியலோ எடுக்கும்வரை அந்தத் தரவுத்தளம் உள்ளுக்குள் ‘சிம்பிள்’ போலவே நடந்துகொள்ளும். திரையில் ‘ஃபுல்’ என்றுதான் காட்டும். இதற்கு நேர்மாறான நோயும் உண்டு. ‘ஃபுல்’ மாடலில் வைத்து, தினமும் முழு பேக்கப் எடுத்து, லாக் பேக்கப் மட்டும் எடுக்காமல் விடுவார்கள். முழு பேக்கப் லாக்கைக் காலி செய்யாது. லாக் பேக்கப்தான் காலி செய்யும். ஆறு மாதத்தில் 20 ஜிபி தரவுக்கு 300 ஜிபி லாக் கோப்பு வளர்ந்து, வட்டு நிரம்பி, அப்புறம்தான் போன் வரும்.

‘பல்க் லாக்டு’ மாடலில் இன்னொரு கண்ணி. குறைந்த அளவே லாக் எழுதும் மொத்த ஏற்றம் ஏதாவது ஒரு லாக் பேக்கப்பின் காலத்தில் நடந்திருந்தால், அந்தக் கோப்பின் நடுவில் நிறுத்த முடியாது. முழுதாக ஏற்றலாம், அல்லது அதற்கு முன்பே நிற்கலாம்.

சரியான நொடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் வேலை. மற்றதெல்லாம் கட்டளை.

மனித நினைவை நம்பாதீர்கள். நானே முதலில் “11:50 இருக்கும்” என்றுதான் சொன்னேன். எட்டு நிமிடம் தள்ளி. அந்த நேரத்தைக் கொடுத்திருந்தால் பூஜ்யங்களோடு மீட்டிருப்பேன்.

நல்ல வழி லாக்கையே கேட்பது. ‘எஃப்என் டிபிலாக்’ என்ற செயல்கூறு நடப்பு லாக்கின் வரிகளைக் காட்டும். ‘எஃப்என் டம்ப் டிபிலாக்’ பேக்கப் கோப்புக்குள் இருக்கும் வரிகளைக் காட்டும். இரண்டாவதற்கு அறுபதுக்கு மேற்பட்ட ‘டிஃபால்ட்’ சொற்களை வரிசையாக அடிக்க வேண்டும். எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே மைக்ரோசாஃப்ட் ஆவணப்படுத்தாதவை. ஆகவே உற்பத்திச் சர்வரில் அல்லாமல் சோதனைச் சர்வரில் கோப்பை நகலெடுத்து ஓட்டுங்கள். தனியாக ஓடிய கட்டளையின் பரிவர்த்தனைப் பெயர் ‘அப்டேட்’, ‘டிலீட்’ என்றே இருக்கும். டேபிளை டிராப் செய்திருந்தால் ‘டிராப்ஆப்ஜ்’.

அங்கே ஒரு நுணுக்கம். பரிவர்த்தனைக்குத் தொடக்க நேரமும் உண்டு, கமிட் ஆன நேரமும் உண்டு. நிறுத்தும் நேரத்தோடு ஒப்பிடப்படுவது கமிட் நேரம். என் அப்டேட் 11:42:10-க்குத் தொடங்கி 11:42:31-க்குக் கமிட் ஆகியிருந்தது. ஆகவே 11:42:30 என்று கொடுத்தாலும் என் தவறு உள்ளே வராது. அதே நேரம் 11:42:25-க்குக் கமிட் ஆன ஒரு நல்ல பில் உள்ளே வந்துவிடும். ஒரே நொடிக்குள் நல்லதும் கெட்டதும் நெருக்கியடித்தால் நேரத்தை விட்டுவிட்டு எல்எஸ்என் எண்ணையே கொடுக்கலாம். அதற்கு ‘ஸ்டாப்பிஃபோர்மார்க்’.

லாக் வரிகளைப் படிக்கப் பயமாக இருந்தால் ‘ஸ்டாண்ட்பை’ வழி இருக்கிறது. லாக்கை ஏற்றும்போது, தரவுத்தளத்தைத் திறக்காமல் அடுத்த லாக்குக்காக வைத்திருக்கும் ‘நோரெக்கவரி’க்குப் பதில் ‘ஸ்டாண்ட்பை’ என்று ஒரு கோப்புப் பெயரும் கொடுத்தால், தரவுத்தளம் வாசிக்க மட்டும் திறக்கும். 11:35-க்கு நிறுத்திப் பாருங்கள். நிலுவை நன்றாக இருக்கிறதா? இணைப்புகளை மூடிவிட்டு அதே கோப்பை 11:40 என்று மறுபடி ஏற்றுங்கள். இப்படிப் படிப்படியாகக் கரை வரை நடக்கலாம். தாண்டிவிட்டால் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த நேரம் எந்த ஊர் நேரம்?

சர்வரின் உள்ளூர் நேரம். சர்வர் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடினால் நம் 11:42 அங்கே 06:12. மேகச் சர்வர்களில் இது சாதாரணம். கட்டளை அடிக்கும் முன் ‘கெட்டேட்’ ஓட்டி, கையில் உள்ள கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இருக்கிற தரவுத்தளத்தின் மேலேயே மீட்பதா, பக்கத்தில் வேறு பெயரிலா?

என்னைக் கேட்டால் பத்துக்கு ஒன்பது முறை பக்கத்தில். மேலேயே மீட்டால் 11:42-க்குப் பிறகு நடந்த எல்லாமே போய்விடும். எங்களுக்கு அது 38 நிமிட பில்கள். அதில் சிலவற்றுக்குச் சரக்கு லாரியில் ஏறிப் போயிருந்தது.

பக்கத்தில் மீட்பதற்கு வேறு பெயர் கொடுத்து, ‘மூவ்’ மூலம் தரவுக் கோப்புக்கும் லாக் கோப்புக்கும் புது இடம் காட்ட வேண்டும். கோப்புகளின் உள்பெயர்களை ‘ரீஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி’ சொல்லும். வட்டில் இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். தரவு எவ்வளவு சுருங்கியிருந்தாலும் அசல் கோப்பின் முழு அளவும் வேண்டும்.

முழுத் தரவுத்தளமும் சிதைந்துவிட்டது, மொத்தமாகத் திரும்பியே ஆக வேண்டும் என்றால்தான் மேலேயே மீட்பது. அதற்கு முன் வால் லாக் பேக்கப் கட்டாயம்.

வால் லாக் பேக்கப்பா?

கடைசி லாக் பேக்கப்புக்குப் பிறகு எழுதப்பட்டு இன்னும் எந்தக் கோப்புக்கும் போகாத பகுதி. ‘பேக்கப் லாக்’ கட்டளையோடு ‘நோரெக்கவரி’ சேர்த்தால் அந்த வாலை எடுத்துவிட்டு, தரவுத்தளத்தை மீட்பு நிலையில் பூட்டியும் விடும். புதிதாக யாரும் எழுத முடியாது. தரவுக் கோப்பு கெட்டு, லாக் கோப்பு மட்டும் பிழைத்திருந்தால் ‘நோட்ரன்கேட்’ என்று கொடுத்து எடுக்கலாம். வாலை எடுக்காமல் மேலேயே ஏற்ற முயன்றால் சர்வர் பிழை 3159 காட்டித் தடுக்கும். ‘ரீப்ளேஸ்’ கொடுத்தால் அந்தத் தடையைத் தாண்டலாம் என்று யாராவது சொல்வார்கள். தாண்டலாம்தான். வால் போய்விடும்.

கட்டளைகளின் வரிசை?

முழு பேக்கப்பை ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ்’ மூலம், ‘வித் நோரெக்கவரி’ சேர்த்து ஏற்றுங்கள். டிஃபரென்ஷியலும் அப்படியே. பிறகு ஒவ்வொரு லாக் கோப்பையும் ‘ரீஸ்டோர் லாக்’ மூலம், ‘நோரெக்கவரி’யும் ‘ஸ்டாப்அட்’ நேரமும் சேர்த்து, எடுத்த வரிசையிலேயே ஏற்றுங்கள். எல்லாம் முடிந்து, சரி என்று தெரிந்த பிறகு, கோப்பு எதுவும் குறிப்பிடாமல் ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ் … வித் ரெக்கவரி’ என்று ஒரே ஒரு முறை.

நிறுத்தும் நேரத்தைக் கடைசிக் கோப்புக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதும். ஆனால் 51 கோப்பில் கடைசி எது என்று நள்ளிரவில் எண்ணுகிறவர் நீங்கள். எல்லாவற்றிலும் கொடுத்துவிட்டால், நேரம் இன்னும் வராத கோப்பை முழுதாக ஏற்றிவிட்டு ‘இன்னும் அந்த நேரம் வரவில்லை’ என்று செய்தி தந்து காத்திருக்கும். நேரம் வந்த கோப்பில் நின்றுவிடும். தாண்டிப் போக வழியே இருக்காது.

51 கட்டளைகளைக் கையால் அடிக்க வேண்டாம். ‘எம்எஸ்டிபி’ தரவுத்தளத்தில் உள்ள ‘பேக்கப்செட்’ டேபிளில் ஒவ்வொரு பேக்கப்பின் நேரமும் தொடக்க, முடிவு எல்எஸ்என்களும் இருக்கின்றன. அதிலிருந்தே கட்டளைகளைத் தயாரிக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அமைதியான ஒரு நாளில்.

‘நோரெக்கவரி’ போட மறந்துவிட்டேன்.

முழு பேக்கப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள். எதுவும் சொல்லாவிட்டால் சர்வர் ‘ரெக்கவரி’ என்றே எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு எந்த லாக்கும் ஏறாது. எல்லோரும் ஒரு முறை செய்வதுதான்.

பிழை 4305 வருகிறது. நடுவில் ஏதோ கோப்பு இல்லை போல.

ஆமாம். ஏற்ற முயலும் லாக், தரவுத்தளம் நிற்கும் இடத்தைத் தாண்டித் தொடங்குகிறது என்று பொருள். பிழை 4326 என்றால் நேர்மாறு: ஏற்கெனவே ஏற்றியதையே ஏற்றுகிறீர்கள், அடுத்த கோப்புக்குப் போங்கள்.

4305-இல் காணாமல் போன கோப்பைத் தேட வேண்டும். அது பெரும்பாலும் அழிந்திருக்காது, வேறிடத்தில் இருக்கும். யாரோ சோதனைக்காகத் தன் கோப்புறைக்கு ஒரு லாக் பேக்கப் எடுத்திருப்பார். அல்லது மெய்நிகர் இயந்திரங்களை பேக்கப் எடுக்கும் மென்பொருள் ஒன்று, நீங்கள் அறியாமல் தன் பங்குக்கு லாக்கையும் எடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு பேர் ஒரே சிட்டையின் பக்கங்களை மாற்றி மாற்றிக் கிழித்துக்கொண்டு போன கதை. ‘பேக்கப்மீடியாஃபேமிலி’ டேபிளில் ஒவ்வொரு கோப்பும் எங்கே எழுதப்பட்டது என்ற பாதை இருக்கும். தானாக லாக் எடுக்கும் இன்னொரு மென்பொருள் இருந்தால், அதற்கு அந்த உரிமையை நிறுத்துங்கள்.

உண்மையிலேயே அழிந்துவிட்டதென்றால், அந்த இடைவெளிக்குப் பிறகு எடுத்த, அதே முழு பேக்கப்பை அடிப்படையாகக் கொண்ட டிஃபரென்ஷியல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பாலம் போட்டுவிடும். இல்லையென்றால் இடைவெளியின் ஓரத்தோடு பயணம் முடிந்தது.

இடையில் யாரோ இன்னொரு முழு பேக்கப் எடுத்துவிட்டார். சங்கிலி அறுந்துவிட்டதா?

லாக் சங்கிலி அறுவதில்லை. ஆனால் டிஃபரென்ஷியலின் அடிப்படை மாறிவிடும். அதற்குப் பிறகு எடுத்த டிஃபரென்ஷியல்கள் அந்தப் புதிய பேக்கப்பின் மேல்தான் ஏறும். இதற்காகத்தான், அடிப்படையை மாற்றாமல் எடுக்கும் ‘காப்பி ஒன்லி’ பேக்கப்.

ஒரே ஒரு டேபிளை மட்டும் மீட்க முடியுமா?

நேரடியாக முடியாது. பக்கத்தில் முழுதாக மீட்டு, வேண்டியதை எடுத்து வர வேண்டும். அழிந்த வரிகள் என்றால் ‘ஐடென்டிட்டி இன்செர்ட்’ திறந்து பழைய எண்களோடே செருகுங்கள். ட்ரிகர்கள் (வரி மாறும்போது தானாக ஓடும் கட்டளைகள்) ஓடிக் கணக்கை இரட்டிக்காமல் பாருங்கள்.

எங்கள் விஷயத்தில் வரிகள் அழியவில்லை, மதிப்பு மாறியிருந்தது. பழைய நிலுவையை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் தவறு. ஏனென்றால் 11:42-க்குப் பிறகு பில் போட்டவர்களுக்குப் பூஜ்யத்திலிருந்து நிலுவை ஏறத் தொடங்கியிருந்தது. ஒருவருக்குப் பழைய நிலுவை 84,500 ரூபாய், 11:58-க்கு 6,200 ரூபாய்க்குப் பில், திரையில் 6,200. சரியான தொகை 90,700. ஆகவே மீட்டதை இப்போதையதோடு கூட்ட வேண்டும். கட்டளையை பிகின் டிரான்சாக்‌ஷனுக்குள் வைத்து, எத்தனை வரி மாறியது என்று பார்த்து, பக்கத்தில் கணக்காளரை உட்கார வைத்துப் பத்துப் பேரின் நிலுவையைக் கையால் சரிபார்த்த பிறகே கமிட் கொடுத்தேன்.

எவ்வளவு நேரம் ஆகும்?

உங்கள் சர்வரில் ஒரு முறை செய்து பார்த்தால்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: தரவுக் கோப்பை உடனே ஒதுக்கிவிடும் வசதி விண்டோஸில் உண்டு, ஆனால் புதிதாக உருவாகும் லாக் கோப்பைச் சர்வர் முழுவதும் பூஜ்யத்தால் நிரப்பியே தீரும். 200 ஜிபி லாக் கோப்பை வைத்திருப்பவர், ஒரு வரி மீளும் முன்பே அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

லாக் பேக்கப் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?

எத்தனை நிமிட வேலையை மறுபடி கையால் செய்ய உங்கள் முதலாளி ஒப்புக்கொள்வாரோ, அத்தனை. அடிக்கடி எடுத்தால் இடம் அதிகம் பிடிக்கும் என்பது தவறான எண்ணம். ஒரே லாக்கைச் சிறு துண்டுகளாக வெட்டுகிறோம், அவ்வளவே. கோப்புகளை அதே சர்வரில் மட்டும் வைக்காதீர்கள்.

பேக்கப் வேலை தினமும் வெற்றி என்று காட்டுகிறது. மீட்டும் பார்க்க வேண்டுமா?

2017 ஜனவரி 31-இல், நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்துக்கு நடந்ததை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அவர்களுடையது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். இரவு வேலையில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுக் கோப்புறையை அழித்தார். சுமார் 300 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், பேக்கப் கருவியின் பதிப்பு 9.2, தரவுத்தளத்தின் பதிப்பு 9.6; ஒத்துவராமல் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்கள் அஞ்சல் சர்வரால் மறுக்கப்பட்டதால் ஒருவருக்கும் எட்டவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து வட்டின் நகல்) இருந்ததால் பிழைத்தார்கள். அந்த ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான்.

‘ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி’ கோப்பு வாசிக்கத் தக்கதா என்று மட்டும் பார்க்கும். நான் மாதம் ஒரு முறை, ஏதோ ஒரு நாளையும் ஒரு நிமிடத்தையும் குலுக்கலில் எடுத்து, அந்த நிமிடத்துக்குச் சோதனைச் சர்வரில் மீட்கிறேன். தரவுத்தளம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் அதன் சான்றிதழும் அந்தச் சர்வரில் வேண்டும். அது இல்லாமல் பேக்கப் வெறும் பாரம். பழைய பதிப்புச் சர்வரில் புதிய பதிப்பின் பேக்கப் ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மைக்ரோசாஃப்டின் அஸூர், அமேசானின் ஆர்டிஎஸ் போன்ற மேகச் சேவையில் இருக்கிறோம்.

பெரும்பாலான வேலையை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். அஸூர் எஸ்க்யூஎல் சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு முறை லாக் எடுக்கிறது. வழக்கமாக 7 நாள் வைத்திருக்கும், 35 நாள் வரை நீட்டலாம். மீட்பு எப்போதும் புதிய தரவுத்தளமாகவே வரும். நேரம் யுடிசி. நொடியைக் கண்டுபிடிக்கும் வேலை மட்டும் அங்கேயும் உங்களுடையதே.

மேலேயே மீட்டு முடித்தேன். இனி?

உடனே ஒரு முழு பேக்கப். மீட்ட இடத்திலிருந்து லாக் புதுக் கிளை விடுகிறது. பழைய கிளையின் கோப்புகளைத் தனிக் கோப்புறைக்கு மாற்றி, தேதி எழுதி வையுங்கள்.

பக்கத்தில் மீட்ட நகலை எப்போது அழிக்கலாம்?

கணக்காளர் மாதக் கணக்கை முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. இடம் இல்லை என்று அவசரப்படுத்துவார்கள். வாசிக்க மட்டும் என்று பூட்டி, மெதுவான வட்டுக்கு மாற்றி வையுங்கள். எங்கள் நகலை ஏழு வாரம் வைத்திருந்தேன். ஆறாவது வாரத்தில் ஈரோட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன் நிலுவை 3,150 ரூபாய் கூடுதலாக இருக்கிறது என்று வந்தார். நகலைத் திறந்து பார்த்தோம். அன்று காலை 11:40-க்கே அந்தத் தொகை அப்படித்தான் இருந்தது. பில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னோம்; ஒரு ரசீதை நாங்கள் மார்ச் மாதத்திலேயே பதிய மறந்திருந்தோம்.